ஜாதகத்தில் ஒன்றரை மணி நேரம்

1973இல் ஈப்போவில் துணிக்கடை வைத்திருந்த எனக்குக் கல்யாணம் பேசி முடிப்பதும் வியாபாரத்தோடு சேர்த்திதான். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்த ஜெயபாலனுக்கும் பாகான் செராய் ஊரில் இருந்த நவமணிக்கும் நான்தான் பேச்செடுத்தேன். பையனுக்கு முப்பது நெருங்குகிறது, பெண்ணுக்கு இருபத்தொன்பது. ஒருவரையொருவர் பார்த்துப் பிடித்தும்போயிற்று. ஜாதகம் மட்டும் பாக்கி.

இரு வீட்டாரும் உட்கார்ந்திருக்க, ஜோசியர் சன்னாசி கட்டத்தைப் பார்த்தார். "பையனுக்கு எட்டுல செவ்வாய். பொண்ணு சுத்த ஜாதகம். சேராதுலா."

நவமணியின் அப்பா உடையப்பன் எழுந்துவிட்டார். "கெளம்பறேன். எம் பொண்ணு தாலி நெலைக்கணும்."

ஜெயபாலனின் அம்மா காளியம்மா தலை குனிந்துகொண்டார். இதே செவ்வாயால் போன மூன்றாவது சம்பந்தம் இது.

சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "பையன் பொறந்தது சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டம். நீங்க ஈப்போன்னு நெனச்சுப் போட்டுட்டீங்களோ?" என்றேன்.

சன்னாசிக்கு ரோஷம் வந்தது. பள்ளிக்கூட அட்லஸை விரித்து, முதல் பக்கத்து உருண்டைப் படத்தில் விரலை வைத்தார். "பாருங்க செட்டியாரே. படுத்துக் கெடக்கற கோடு அட்சரேகை. நடுக்கோட்டுலேருந்து வடக்க, தெக்க எவ்வளவு தூரம்னு சொல்லும். நிக்கற கோடு தீர்க்கரேகை. கெழக்க, மேக்க எவ்வளவுன்னு சொல்லும். மணிக்கணக்கு இதுலதான் இருக்கு, ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். சிலிம் ரிவருக்கும் ஈப்போவுக்கும் ரெண்டு நிமிஷங்கூட வராது. செவ்வாய் நகராது."

உற்றுப் பார்த்தேன். படுத்த கோடுகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. மேலே போகப் போகச் சிறுத்துவிடுகின்றன. நின்ற கோடுகள் எல்லாம் ஒரே நீளம். இரண்டு முனையிலும் கூடிக்கொள்கின்றன. அட்சரேகைக்குப் பூமி சுற்றுகிற சுற்றே நடுக்கோட்டைக் காட்டிவிடுகிறது. அது நிர்ணய விலை, யாரும் வாயைத் திறக்க முடியாது. தீர்க்கரேகைக்கு அப்படி ஒரு தொடக்கம் கிடையாது. வெள்ளைக்காரன் தன் ஊர் வழியாக ஒரு கோடு போட்டு, இங்கிருந்து எண்ணு என்றான். அத்தனையும் பேரம். கல்லாவில் உட்காருகிறவன் மாறினால் இந்த விலையும் மாறும்.

காளியம்மா தலையை நிமிர்த்தினார். "எத்தன மணின்னு எழுதியிருக்கு?"

"காலையில ஏழு பத்து. தோட்டத்து ஆஸ்பத்திரி சீட்டுல உள்ளதுதான்."

"ஏழு பத்தா? வெளக்கு புடிச்சுல்ல புள்ளையப் பாத்தாங்க! வெளியில கும்மிருட்டு."

பையன் பிறந்தது 1943, ஐப்பசி. எனக்கு உறைத்தது. "ஜோசியரே, அப்ப நாட்டை வச்சிருந்தவன் ஜப்பான்காரன். கடிகாரமெல்லாம் தோக்கியோ மணிக்கு, ஒண்ணரை மணி நேரம் முந்தி ஓடுச்சு. நம்ம கணக்குக்கு அது அஞ்சே முக்கால்கூட இல்ல!"

சன்னாசி ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துப் போட்டுப் பார்த்தார். துலாம் லக்னம் பின்னுக்குப் போய்க் கன்னியாயிற்று. எட்டில் இருந்த செவ்வாய் ஒன்பதில் நின்றது. தோஷம் இல்லை.

"கெரகத்துக்கிட்டயே பேரமா?" என்றார் உடையப்பன். ஆனால் உட்கார்ந்துவிட்டார். "உண்மைதான்லா. ஜப்பான் காலத்துல எட்டு மணிக்குத்தான் வெளிச்சமே வரும்."

நான் சிரித்தேன். சன்னாசி சிரிக்கவில்லை. இன்னொரு ஜாதகத்தை இழுத்தார். "பொண்ணு பொறந்தது நாப்பத்தி நாலு. அதே ஜப்பான் கடிகாரம்."

அதிலும் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தார். பென்சில் ஓடி நின்றது. நவமணிக்கு ஆறில் இருந்த செவ்வாய் ஏழில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஏழிலும் தோஷம்தான்.

"ரெண்டையும் பழையபடியே வச்சுக்கலாமே?" என்றேன்.

"அப்ப பையனுக்குத் தோஷம்," என்றார் சன்னாசி. எந்த நாட்டு மணிக்கு எழுதினாலும் இரண்டு பேரும் சேர்ந்து சுத்தமாக வரவில்லை.

உடையப்பன் முகம் வெளுத்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லும் முறை இப்போது காளியம்மாவுடையது.

காளியம்மா இரண்டு காகிதங்களையும் சேர்த்து மடித்தார். "மூணு வீட்டுல எம்புள்ளைய வேணாம்னாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இன்னொருத்தர் பொண்ணுக்கு அத நான் செய்யமாட்டேன். ரெண்டும் மரவள்ளிக்கெழங்கத் தின்னு ஜப்பான் காலத்துப் பஞ்சத்தத் தாண்டுன புள்ளைங்கதான்லா. செவ்வாய் என்ன பண்ணிடும்?"

உடையப்பன் காளியம்மா பக்கம் திரும்பினார்.

"தையில வச்சுக்கலாமா, அக்கா?"