ஒரு துணுக்கு விடாமல்

என் அத்தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கப்பல் பட்டறையில் நீராவிக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை சுற்றுவதும் பழைய உறையை உரிப்பதும் அவர் பார்த்த வேலை. பாதி உரித்துவிட்டு அதன்மேலேயே புதிதைச் சுற்றுகிறவனை அவர் ஆளாகவே மதிக்க மாட்டார்.

ஆனால் டாக்டரம்மா முன்னால் நோயாளியாக உட்கார்ந்திருந்தது அத்தான் இல்லை, என் அக்கா. அந்தக் காலத்தில் அவர் வெள்ளைத் தூசியோடு வீட்டுக்கு வருவார். அக்கா அந்தச் சட்டையை வாசலில் நாலு உதறு உதறிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவாள். அந்தத் தூசிதான் இத்தனை வருஷம் கழித்து நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் புற்றாகியிருக்கிறது. மீசோதெலியோமாவாம். பெயரைப் பார், பெயரை.

"முழுசா குணமாக்க முடியாது, கட்டுப்படுத்தலாம்" என்றார் டாக்டரம்மா. "எதிர்ப்பு சக்தியைத் தூண்டுற மருந்து இருக்கு, டிரிப்ஸ்ல ஏத்துவோம். இல்லேன்னா கீமோ. நெஞ்சைத் திறந்து சவ்வை உரிக்கிற ஆபரேஷனும் இருக்கு. இவங்க உடம்பு தாங்கும், ஆனா அதனால ஆயுசு கூடும்னு நான் சொல்லமாட்டேன். எதை எடுத்தாலும், மூச்சு முட்டாம இருக்க, நெஞ்சுல சேர்ற நீரை வீட்டிலேயே வடிக்க ஒரு சின்னக் குழாய் வெச்சுடலாம்."

"உரிச்சிடுங்க" என்றார் அத்தான். "ஒரு துணுக்கு விடாம."

"அப்படி முடியாதுங்க. கண்ணுக்குத் தெரியாதது தங்கத்தான் செய்யும்."

"அப்போ நல்ல வேலைக்காரனா பாருங்க!"

எனக்கு மானமே போயிற்று. "நோய் யாருக்கு அத்தான்? அக்காவைப் பேச விடுங்க" என்றேன். அக்காவோ கல்லுளிமங்கி. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழுந்துவிட்டாள்.

நோய் தெரிந்ததிலிருந்து அத்தான் தன் துணியை அவளைத் தொடவிடவில்லை. வேலையை விட்டு எத்தனையோ வருஷமாயிற்று. சட்டையில் இருப்பது வெறும் வியர்வை. ஆனாலும் தானே துவைத்து, பிழியத் தெரியாமல் வீடெல்லாம் தண்ணீராக்கினார்.

மறுநாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் அக்கா சொன்னாள்: "ஆபரேஷன் வேணாங்க. மருந்தும் குழாயும் போதும்."

"பயமா?"

"பயந்தான். ஆனா அதுக்காக இல்ல. நீங்க உரிக்கணும்னு நிக்கிறது என் நோயை இல்ல, உங்க மனசுல இருக்கிறதை. உங்க மனசு ஆறணும்னு என் நெஞ்சைத் திறக்க முடியாது."

அத்தான் துடைத்த துணியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதார். அவர்மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் அழுதேன்.

குழாய் வைத்த பிறகு, நீர் வடிக்கும் விதத்தை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து அத்தானுக்குக் கற்றுக்கொடுத்தாள். முதலில் முகக்கவசத்தை நீட்டினாள். "ஆயுசு முழுக்கத் தூசியில கெடந்தேன், ஒருத்தனும் இதைக் குடுக்கல" என்றபடி மாட்டிக்கொண்டார். அவள் சொன்ன வரிசையிலேயே எல்லாம் செய்தார். கடைசியில் நீர் வடிந்த பாட்டிலைக் கழற்றும்போது கொஞ்சம் சட்டையில் சிந்திவிட்டது.

சட்டையை அலசி, முறுக்கியது முறுக்கியபடியே கொடியில் போடப் போனார். அக்கா கை நீட்டினாள்.

"குடுங்க. இப்படிப் போட்டா சுருங்கிப் போயிடும்."

அவர் தயங்கினார். அவள் வாங்கி, பளீரென்று ஓர் உதறு உதறினாள். நாலைந்து தண்ணீர்த் துளிகள்தான் பறந்தன. முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அவளையே பார்த்து நின்ற அத்தான், அவள் மூச்சை இழுத்து விடும்வரை தானும் மூச்சு விடவில்லை.