போதகரை யார் எழுப்புவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை சூரியன் மறைந்தால் ஜேபஸ் கிரம்ப் சுதந்திர மனிதன். கப்பலில் ஏற்றி இந்தக் கரைக்குக் கொண்டுவந்ததற்காக மூப்பர் எலிபலெத் தோர்னின் பண்ணையில் உழைப்பதாக அவன் எழுதிக்கொடுத்த காலம் அன்றோடு முடிகிறது. அது ஏற்கெனவே இரண்டு முறை முடிந்திருக்க வேண்டியது. முதல் முறை, ஓய்வுநாளில் சீட்டியடித்தான் என்று ஓர் ஆண்டு கூட்டினார்கள். அடுத்த முறை, சபைக் கூடத்துக்குள் புகுந்த கோழி ஒன்று பிரசங்க மேடையில் ஏறியபோது சிரித்துவிட்டான். சிரித்தவர்கள் பலர்; வேலைக்காரன் அவன் ஒருவன்தான். இரண்டு முறையும், சரியாகச் சோள அறுவடைக்கு முன்னால், குற்றத்தைக் கண்டுபிடித்தவர் மூப்பர் தோர்ன்.

ஆகவே அன்று சிரிப்பதில்லை, சீட்டியடிப்பதில்லை, முடிந்தால் தும்முவதுகூட இல்லை என்று இருந்தான் ஜேபஸ். ஆனால் கையில் கழி இருந்தது.

பிரசங்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்புவது அவன் பொறுப்பு. கழியின் ஒரு முனையில் மரக்குமிழ், மறு முனையில் நரிவால். ஆண் தூங்கினால் மண்டையில் குமிழ். பெண் தூங்கினால் முகத்தில் வால். "ஆள் பாத்து அடிக்கக் கூடாதுடா. எவன் தூங்குனாலும் அடி. அடிக்காம விட்டா அதுவும் ஓய்வுநாள் குத்தம்தான்" என்று அவனிடம் சத்தியம் வாங்கியவரும் மூப்பர்தான்.

சபையில் முன்வரிசை இடங்களை மறுபடியும் பங்கிடும் காலம் நெருங்கியிருந்ததால், மூப்பருக்குப் போதகர் விட்கோமின் தயவு வேண்டியிருந்தது. மதிய இடைவேளையில் அவரை வீட்டுக்கு அழைத்துப்போய், சனிக்கிழமையே அடுப்பில் வைத்த பன்றிக்கறியும் பீன்ஸும் தட்டுத் தட்டாகப் பரிமாறினார். தாமும் சளைக்காமல் சாப்பிட்டார். அதற்கு மேல் இருவரும் பீர் குடித்தார்கள்.

பிற்பகல் பிரசங்கத்தில் 'இரண்டாவதாக' முடிந்தது. போதகர் மேடைப் பலகையைப் பிடித்தபடி கண்ணை மூடினார். சபை காத்திருந்தது. 'மூன்றாவதாக' வரவில்லை. மெல்லிய குறட்டை வந்தது.

எல்லோரும் ஜேபஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

போதகரை அடித்தால், கர்த்தருடைய ஊழியக்காரன்மேல் கைவைத்த குற்றம். அடிக்காவிட்டால், சத்தியத்தை மீறிய குற்றம். எப்படிப் போனாலும் ஓராண்டு. முன்வரிசையிலிருந்து மூப்பர் கழுத்தைத் திருப்பினார். அந்த முகத்தில் அறுவடை தெரிந்தது.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? செஞ்ச சத்தியம் மறந்துபோச்சா?"

"மறக்கலங்க ஐயா. யாரை எழுப்பணும்?"

"கண்ணு அவிஞ்சா போச்சு?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. படிப்புத்தான் இல்ல. போதகர் தூங்குறாரா, கண்ணை மூடி ஜெபம் பண்றாரான்னு மூப்பர் நீங்கதான் சொல்லணும். தூங்குறார்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே ஒரு தட்டு தட்டிடுறேன்."

போதகரை இழிவாகப் பேசினான் என்று கொல்லன் ரோஜர் பிளைக்கைப் போன வசந்தத்தில், காலைப் பூட்டும் தொழுமரத்தில் மாட்டி ஊர் பார்க்க உட்காரவைத்தார்கள். அப்படித் தீர்ப்பு எழுதியவரும் மூப்பர்தான். அவர் ரோஜரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஜெபம்தான்" என்றார் கடைசியில்.

"அப்ப எந்திரிங்க மூப்பரே" என்றாள் பெண்கள் வரிசையிலிருந்து விதவை மெர்சி ஹாக்கெட். "ஜெபத்துக்கு உக்காந்திருக்குறது நம்ம சபையில வழக்கமில்லையே?"

மூப்பர் எழுந்தார். சபை முழுவதும் எழுந்தது. ஜெபம் முடியாமல் யாரும் உட்காரக் கூடாது. வெளியே போகவும் கூடாது.

ஜெபம் நீண்டது. குறட்டையின் சுருதி ஏறியது.

"இது என்ன பாஷைங்க?" என்று கிசுகிசுத்தான் ரோஜர்.

"எபிரேயுவா இருக்கும்" என்றார் எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியர், கொஞ்சம் யோசித்து.

"இன்னொரு கரண்டி போடுங்க" என்றார் போதகர், கண் திறக்காமல்.

"ஆமென்" என்றது சபை.

சன்னல் வெளிச்சம் சுவரில் ஏறத் தொடங்கியது. கறக்காத பசுக்கள் வெளியே கத்தின. குழந்தைகள் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றன. மூப்பர் தூணில் ஒரு தோளைச் சாய்த்தார். பிறகு இரண்டாவது தோளையும். பன்றிக்கறியும் பீரும் அவரையும் விடவில்லை. தாடை தொங்கியது. எச்சில் ஒழுகி வெள்ளைக் கழுத்துப்பட்டியில் விழுந்தது.

ஜேபஸ் பார்த்தான். உத்தரத்தின் விளிம்பில் இன்னும் ஒரு கீற்று வெயில் இருந்தது. ஓய்வுநாள் முடியவில்லை, சத்தியமும் முடியவில்லை. இருந்தாலும் சந்தேகம் விடவில்லை.

"மெர்சி அக்கா, மூப்பரும் ஜெபம்தான் பண்றாரா?"

"அவருக்கு ஏதுடா அவ்வளவு பக்தி? போடு!"

குமிழ் மண்டையில் விழுந்தது. ஆள் பார்க்காமல், நன்றாகவே விழுந்தது.

"ஐயோ, என் சோளம்!" என்று மூப்பர் அலறினார்.

அந்த அலறலில் போதகர் கண் திறந்தார். எதிரே சபை நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து மனம் குளிர்ந்தார்.

"மூன்றாவதாக," என்றார்.

எல்லோரும் சரிந்து உட்கார்ந்தார்கள். உத்தரத்திலிருந்த வெயில் போய்விட்டது. ஜேபஸ் கழியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"எடுடா அதை!" என்றார் மூப்பர், தலையைத் தேய்த்துக்கொண்டே.

"பொழுது சாஞ்சிடுச்சு, தோர்ன்" என்றான் ஜேபஸ். 'ஐயா' என்று சொல்லாமல் அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை, நாக்கு கூசியது. "நாளைக்கு வந்து, காலம் முடிஞ்சதுக்கு எனக்குச் சேர வேண்டிய கோடாலியையும் செருப்பையும் வாங்கிக்கிறேன்."

பின்வரிசையில் ரோஜர் நகர்ந்து இடம்கொடுத்தான். ஜேபஸ் உட்கார்ந்தான், காலை நீட்டினான், அடுத்த மூச்சிலேயே தூங்கிப்போனான்.

மூப்பர் பாய்ந்து கழியை எடுத்துவந்து அவன் தலைக்கு மேல் ஓங்கினார்.

"ஓய்வுநாள் முடிஞ்சிடுச்சு மூப்பரே" என்றாள் மெர்சி. "இப்ப அடிச்சா அது வெறும் அடிதடி. அதுக்கும் தொழுமரம்தான்."

ஓங்கிய கழி ஓங்கியபடியே நின்றது. அதன் மறு முனையில் தொங்கிய நரிவால் மூப்பரின் மூக்கில் உரசியது.

"நான்காவதாக," என்றார் போதகர்.