அண்டுக்குப் பின்னால் வந்த ஆம்ப்

சுந்தர்ராஜ் இருபத்திரண்டு வருஷம் ஆம்பூர் பஜாரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். கம்ப்யூட்டர் வந்து அவருடைய மாணவர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனபிறகு, ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட்டில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தார். இருந்தாலும் ஊருக்கு அவர் மாஸ்டர்தான். ஷிஃப்டை அழுத்தி ஏழைத் தட்டினால் & வரும் என்பது, தன் பெயர் தெரிவதுபோல் அவர் விரலுக்குத் தெரியும். அந்த &தான் 2003-ஆம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருடைய மானத்தை வாங்கியது.

யூனிட்டின் பெயர் 'ஜஹீருன்னிசா & பில்கிஸ்'. இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள்; மூத்தவரை இளையவர் 'ஆபா', அதாவது அக்கா, என்று கூப்பிடுவார். பெரியவர் ஜஹீருன்னிசா தொடங்கிய யூனிட்டுக்குச் சின்னவர் பில்கிஸ் தன்னுடைய எட்டு மிஷினோடு வந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: போர்டிலும் லைசென்ஸிலும் தன் பெயர் வரவேண்டும், நடுவில் 'அண்ட்' அடையாளம் இருக்கவேண்டும். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கிய ஏற்றுமதிச் சான்றிதழில் அந்த & அழகாகக் கால் மடக்கி உட்கார்ந்திருந்தது.

இதுவரை வேலை கொடுத்துவந்த பெரிய ஃபேக்டரி அடுத்த மாசத்தோடு நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது. நாற்பது பெண்கள் தைக்கிற இடம். ஒரு ஜெர்மன் கம்பெனி நேரடியாகத் தைப்பவர்களைத் தேடுகிறது, வெப்சைட்டில் பெயர் பதிய வேண்டும், வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கதவை மூடிவிடுவான் என்று தகவல் வந்தது. சான்றிதழைக் கையில் கொடுத்து மாஸ்டரை அனுப்பிவைத்தார்கள்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து பிரௌசிங் சென்டரை நடத்துபவள் ஃபீபி. மாஸ்டரிடம் டைப்ரைட்டிங் லோயர் கிரேடு படித்தவள். முன்பக்கம் லாரி பார்சல் புக்கிங், தடுப்புக்குப் பின்னால் நான்கு கம்ப்யூட்டர்.

"வாங்க மாஸ்டர். நாலாம் நம்பர்ல உக்காருங்க. மௌஸை மெதுவா புடிங்க, ஓடிடாது."

சுந்தர்ராஜ் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார். பெயர்க் கட்டத்துக்கு மேல் சிவப்பில் ஓர் எச்சரிக்கை: சான்றிதழில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எழுதவும், மாறினால் விண்ணப்பம் தள்ளப்படும். இதற்காகவே பிறந்தவர்போல் 'ஜஹீருன்னிசா & பில்கிஸ்' என்று ஆங்கிலத்தில் பிசகில்லாமல் அடித்து, அனுப்பும் பொத்தானை அமுக்கினார். சரிபார்க்கச் சொல்லி ஒரு பக்கம் திறந்தது. அதில் &ஐ ஒட்டிக்கொண்டு ஏ, எம், பி என்று மூன்று எழுத்து; அதன் வாலில் ஓர் அரைப்புள்ளி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்று எழுத்தும் துடைத்த கண்ணாடியில் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

"ம்மா ஃபீபி, இதை நான் அடிக்கலம்மா."

"யாரும் வந்து அடிக்கல மாஸ்டர். நீங்கதான் உக்காந்திருக்கீங்க."

அழித்தார். மறுபடி & மட்டும் அடித்து அனுப்பினார். மறுபடி ஆம்ப். போகட்டும், முதலில் பின்கோடில் இருந்த தப்பைத் திருத்துவோம் என்று பெயரைத் தொடாமல் பின்கோடை மட்டும் மாற்றினார். இப்போது இரண்டு ஆம்ப், இரண்டு அரைப்புள்ளி. போன் நம்பரில் விட்டுப்போன சைபரைச் சேர்த்தார். மூன்று ஆம்ப். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ டைப்ரைட்டர் எழுத்தை முழுங்கிப் பார்த்திருக்கிறார். குட்டி போட்டுப் பார்த்ததில்லை. வெப்சைட் எழுதுகிறவர்கள் 'அண்ட்' குறியைத் தங்களுக்குள் இப்படித்தான் எழுதிக்கொள்வார்கள், அது தப்பித்தவறித் திரைக்கு வந்துவிட்டது என்று சொல்ல அங்கே ஆளில்லை.

&க்குப் பதிலாகக் கூட்டல் குறி போட்டுப் பார்த்தார். 'ஸ்பெஷல் கேரக்டர் அனுமதி இல்லை' என்று சிவப்பாக ஒரு வரி வந்தது. மணி மூன்று. யூனிட்டுக்குப் போன் போட்டார். எடுத்தவர் பில்கிஸ்.

"சின்ன மேடம், ஒரு குழப்பம். ஸ்பெஷல் கேரக்டர் கூடாதுங்கிறான்."

"இன்னா? யார் கேரக்டரைப் பத்திப் பேசறான் அவன்? ஜெர்மன்ல உக்காந்துகிட்டு எங்க கேரக்டர் இவனுக்கு எப்படித் தெரியும்?"

"இல்ல மேடம், அது எழுத்து. கேரக்டர்னா எழுத்து. அண்டை எடுத்துட்டு வெறுமனே ரெண்டு பேரையும் சேர்த்து எழுதிட்டா…"

"எழுதிட்டா? நானும் ஆபாவும் ஒரே பொம்பளையா ஆயிடுவோம். ஆபாவுக்கு முழுப் பேரு ஜஹீருன்னிசா பில்கிஸ்னு நினைப்பான். என் எட்டு மிஷினும் நானும் எங்க போறது?" சற்று நிறுத்தி, "இது பேஜார் மாஸ்டர். அண்ட் இல்லாம வராதீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

ஃபீபி ஒரு பார்சல்காரரை அனுப்பிவிட்டு வந்து திரையை எட்டிப்பார்த்தாள். மூன்று எழுத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"மாஸ்டர்! ஆம்ப். ஆம்ப்னா ஆம்பூர்! நீங்க அட்ரஸ் போட்டீங்கல்ல, அது ஊரை எழுதப் பாக்குது. நாங்க பார்சல் மேல ஊர் பேரைச் சுருக்கறது இல்ல? அதே மாதிரி."

"ஆம்பூருக்கு 'பாம்பே'ல வர்ற பி போடணும். இது 'பேப்பர்'ல வர்ற பி."

"நம்ம லாரிக்காரங்க எந்த பி போடறாங்கன்னு வந்து பாருங்க. வெள்ளைக்காரன் மிஷினுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

சுந்தர்ராஜ் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். ஆனால் அந்த அரைப்புள்ளி அவரைப் படுத்தியது. அரைப்புள்ளி என்றால் பேச்சு முடியவில்லை, இன்னும் வரும் என்று அர்த்தம்; எத்தனை பிள்ளைகளுக்கு ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்படியானால் இந்த மிஷின் பாதியில் நிறுத்திவிட்டு மீதிக்காகக் காத்திருக்கிறது. நியாயம்தானே?

ஆம்ப் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, &க்குப் பின்னால் அவரே 'ஆம்பூர்' என்று முழுசாக அடித்துக் கொடுத்தார். அனுப்பினார். ஆம்பூர் இருந்தது. ஆம்பூருக்கு முன்னால் ஆம்பும் இருந்தது.

"இப்ப ஊரு ரெண்டு தடவை வருதே மாஸ்டர்" என்றாள் ஃபீபி, கொஞ்சம் சுருதி குறைந்து.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. எல்லாவற்றையும் அழித்து & ஒன்றை மட்டும் அடித்தார். ஒரே ஒரு ஆம்ப் வந்து நின்றது. மூன்றுக்கு ஒன்று தேவலாம். கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பொத்தானை அமுக்கினார். நன்றி என்றது பக்கம். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

யூனிட்டுக்குத் திரும்பி, "அண்ட் போயிருக்கு மேடம்" என்றார். அது உண்மை. அதன் பின்னால் என்ன போயிருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை.

பதினோரு நாள் கழித்து ஜெர்மன்காரர்களின் சென்னை ஏஜெண்டிடமிருந்து ரிச்சர்ட் என்பவர் வந்தார். இடத்தைப் பார்த்து, சான்றிதழைச் சரிபார்த்து, லிஸ்டில் சேர்க்கலாமா வேண்டாமா என்று எழுதவேண்டியவர். மிஷின்களைச் சுற்றி வந்தார். தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். முகத்தில் திருப்தி. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார்.

"தையல் நல்லா இருக்கு. ஒண்ணுதான் இடிக்குது. சர்ட்டிஃபிகேட்ல பார்ட்னர் ரெண்டு பேர். விண்ணப்பத்துல மூணு பேர். ஜஹீருன்னிசா, ஆம்ப், பில்கிஸ். மிஸ்டர் ஆம்ப் வந்திருக்காரா?"

ஜஹீருன்னிசா பில்கிஸைப் பார்த்தார். பில்கிஸ் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"சார், அது… நான் போடல. தானா வந்தது" என்றார் சுந்தர்ராஜ்.

"தானா வந்த பார்ட்னரா?"

"அழிச்சேன் சார். அழிச்சாலும் வந்தாரு. ஒரு சமயம் மூணு பேர் இருந்தாங்க."

சொல்லி முடித்ததும், தன் வாயிலிருந்து வந்த உண்மை எவ்வளவு பெரிய பொய்யாகக் கேட்கிறது என்று அவருக்கே புரிந்தது. ரிச்சர்ட் பேனா மூடியைத் திருகத் தொடங்கினார்.

"பேர் ஒத்து வரலைன்னா நான் தள்ளித்தான் ஆகணும். ரூல் அப்படி."

"சார், தப்பா நினைக்காதீங்க. ஆம்ப்னா ஆம்பூர்னு பிரௌசிங் சென்டர்ல சொன்னாங்க…" என்று இழுத்தார் சுந்தர்ராஜ். அழிந்துபோன குரல்.

ரிச்சர்ட் சிரித்துவிட்டார். "ஆம்பூருக்கு இந்த பி கிடையாது மாஸ்டர்."

பில்கிஸின் கண் ஒரு கணம் சுருங்கியது. தோல் மண்டியில் ஏலம் கேட்கும்போது அவருடைய வாப்பாவுக்கு அப்படிச் சுருங்கும் என்பார்கள்.

"சார், உங்களுக்குத் தமிழ் எழுத வருமா?"

"பாளையங்கோட்டையில படிச்சவன்மா நான்."

"அப்போ ஆம்பூர்னு எழுதுங்க. கீழயே ஆம்ப்னு எழுதுங்க."

ரிச்சர்ட் எழுதினார்.

"இப்போ எது எந்த பி-ன்னு காட்டுங்க."

அவர் தாளைப் பார்த்தார். மேலே ஒரு ப. கீழே ஒரு ப. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாங்க இந்த ஊர்க்காரங்க" என்றார் பில்கிஸ். "எங்களுக்கு ஒரே பி-தான். பேருக்கு நடுவுல ஊரை வச்சிருக்கோம். ஊரு இல்லாம நாங்க ரெண்டு பேரும் எங்க சார் கூட்டாளி? இதுக்கெல்லாம் நாற்பது பேர் வயித்துல அடிப்பீங்களா?"

ரிச்சர்ட் நெற்றியைத் தேய்த்தார். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. எது என்று பிடிபடவில்லை. கடைசியில் ஃபைலை இழுத்து, 'ஆம்ப் என்பது ஊர்ப்பெயர். பங்குதாரர் அல்ல' என்று ஓரத்தில் எழுதி, கட்டத்தில் டிக் போட்டார்.

அவருடைய கார் போன தூசி அடங்கியதும் ஜஹீருன்னிசா மெதுவாகக் கேட்டார்: "மெய்யாவே அதுக்கு அர்த்தம் இன்னா மாஸ்டர்?"

"சத்தியமா தெரியாது மேடம்."

"பில்கிஸ், உனக்கு?"

"நான்தான் சொன்னேனே ஆபா, ஊரு" என்றார் பில்கிஸ். நம்பித்தான் சொல்கிறாரா என்று அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் ஏஜெண்டுக்கு நன்றிக் கடிதம் அடிக்க சுந்தர்ராஜ் பழைய டைப்ரைட்டரின் உறையை எடுத்தார். ஜஹீருன்னிசா என்று அடித்து, ஷிஃப்டை அழுத்தி ஏழைத் தட்டினார். & விழுந்தது. கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஜெர்மன்காரன் ஃபைலில் மூன்று எழுத்தும் வாலும் இருக்கின்றன. இதில் இல்லையென்றால் மறுபடி யாராவது வந்து நிற்பார்களோ?

ஏ, எம், பி என்று அவரே அடித்தார், 'பேப்பரில்' வரும் பி. பிறகு, விரல் கூசினாலும், அரைப்புள்ளியையும் வைத்தார்.