முதல் வரியில் ஒரு புள்ளி

மாலை ஒலிபரப்பு தொடங்கப் போகிறது. புதுக் கம்ப்யூட்டரோ வாயே திறக்கவில்லை. பழையதைக் காலையிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அண்ணியின் தலையில். முன்பு அங்கேயே வேலை பார்த்த அவள் நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, நிலையம் முழுவதற்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

'பாட்டுபோடு' என்ற கட்டளை என்னவென்றே தெரியாது என்று சாதித்தது திரை. தெரியாமல் என்ன? அவளும் நாத்தனாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதியதாயிற்றே! பாட்டுகள் இருக்கும் இடம், போடும் விதம், நிறுத்தும் விதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்து, கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மற்ற ஸ்கிரிப்டுகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். அதற்குச் 'சமையலறை' என்று பெயர் வைத்தவள் நாத்தனார். வீட்டு அடுப்படியில் முட்டிக்கொண்டவர்கள் இந்தச் சமையலறையில் மட்டும் சண்டை போட்டதே இல்லை. என்ன சிரிப்பு, என்ன கூத்து! நல்ல காலம் அது.

பிறகு வீடு மாறும்போது ஒரு பீரோ யாருக்கு என்று பேச்சு முற்றியது. நாத்தனார் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போனாள். வருஷக்கணக்காகப் பேச்சில்லை. பீரோ இப்போது துருப்பிடித்து மூலையில் நிற்கிறது.

அண்ணி வீம்பை விழுங்கிவிட்டு நாத்தனாருக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணி, சமையலறைக்கு முன்னாடி புள்ளி வெச்சீங்களா?"

அண்ணி திரையைப் பார்த்தாள். புதுக் கம்ப்யூட்டருக்காக அவளே திரும்ப எழுதிய முதல் வரியில் புள்ளி இல்லை. புள்ளி வைத்து அழைத்தால்தான் அந்த ஃபைலில் உள்ளதெல்லாம் ஸ்கிரிப்டுக்குள் வந்து தங்கும். வெறும் பெயரைச் சொன்னால் அது தனியாக ஓடி முடித்து, கொண்டுவந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாத்தனார் செய்த அதே தப்பு. அதைச் சொல்லிச் சொல்லி அவளை அண்ணி ஓட்டாத நாளில்லை.

"சிரிக்காதடி."

"நான் எங்க சிரிச்சேன்? அழுதுட்டிருக்கேன்."

அண்ணி புள்ளியை வைத்தாள். நிலையத்தின் பழைய தொடக்க இசை அறையை நிறைத்தது. போன் வழியே நாத்தனாரும் கேட்டாள்.

"வேலைதான் முடிஞ்சிருச்சே அண்ணி. போனை வெச்சிடட்டுமா?"

"வந்த வேலை முடிஞ்சதும் ஓடணுமா? கொஞ்சம் இருடி."