பவளத்தின் பதவி உயர்வு

2014ஆம் ஆண்டு மே மாதம் பதினைந்தாம் தேதி காலை, மந்தாரக்குப்பத்தில் சைமன்ராஜ் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த பவளம் அதிகாரியானது. அன்று வெயில் நூற்றாறு டிகிரி. சேத்தியாத்தோப்புப் பேருந்து கால்மணி நேரம் தாமதம். வேறு விசேஷம் இல்லை.

பவளம் அந்த வீட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சைமன்ராஜின் மனைவி டெய்சி வீட்டுவேலை பார்த்த குவார்ட்டர்ஸ் அதிகாரி ஓய்வுபெற்றுக் கிளம்பும்போது, லாரியில் இடமில்லாததால், உப்புநீர்த் தொட்டியோடு அதைப் பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டுப் போனார். சைமன்ராஜ் ஊரை ஒட்டிய சுரங்கத்தில், நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளிப்போடும் கான்ட்ராக்ட் தொழிலாளி. பதினேழு ஆண்டுகளாக அடுத்த மாதம் பர்மனென்ட் ஆகிக்கொண்டிருந்தார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கான தன் மஞ்சள் ஹெல்மெட்டைத் தொட்டிமேல் கவிழ்த்துவைப்பது அவர் வழக்கம். பழுப்பாக இருந்த பவளம் வந்த வாரமே மஞ்சளானது. ஷிஃப்ட் சங்கு ஊதினால் விரிந்தது, ஷிஃப்ட் முடிந்தால் சுருங்கியது. ஒருமுறை பக்கத்துத் தெரு ஆனந்த்ராஜ் எதிரே நின்றபோது அது நீலமானது. அந்த மாதமே அவருக்கு நீல ஹெல்மெட் போடும் எலக்ட்ரீசியன் வேலை கிடைத்தது. அதன்பிறகு தெருவில் யாரும் ஜாதகம் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தார்கள்.

ஆகவே அன்று காலை அது வெள்ளையானபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சுரங்கத்தில் வெள்ளை ஹெல்மெட் போடுகிறவர் யார் என்பது அந்தத் தெருவில் பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். “இன்னா ஆபீசரம்மா, இனிமே எங்களோடல்லாம் பேசுவியா?” என்று எதிர்வீட்டு வீராயி டெய்சியிடம் கேட்டாள். பர்மனென்டைத் தாண்டி நேராக அதிகாரியே ஆகிவிடக்கூடும் என்று நம்பிய சைமன்ராஜ், முகச்சவரம் செய்துகொண்டு, தபால்காரர் வரும் வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

சங்கு ஊதியும் பவளம் விரியாததைக் கவனித்தவள் டெய்சி மட்டும்தான். பண்ருட்டியில் வண்ணமீன் கடை வைத்திருந்த கருணாகரனை வரவழைத்தாள்.

“இதுக்குன்னு சொந்த நிறமே கெடையாதுக்கா. உள்ள சின்னச் சின்ன உயிருங்க கோடிக்கணக்குல குடியிருக்கும். அதுங்கதான் வெளிச்சத்துல வேல பாத்து இதுக்குச் சோறு போடும். சூடு ஏறிச்சா, அதுங்கள வெளிய தள்ளிடுச்சி. இன்னும் பத்து நாள் இப்படியே வுட்டா செத்துடும்.”

“அப்ப, கான்ட்ராக்ட் ஆளுங்கள நிறுத்திட்டு, வெள்ளத் தொப்பிய மாட்டிகினு பட்டினி கெடக்குதுன்னு சொல்லு.”

“தண்ணியக் குளிர வைங்க. திரும்பச் சேத்துக்கும். பழைய நிறம் வந்துடும்.”

வெளியேற்றப்பட்டவர்கள் தொலைவில் இல்லை. கண்ணாடியின் உட்புறத்தில், கடுகளவுப் பழுப்புப் புள்ளிகளாக, இடித்துக்கொள்ளாமல் ஒரே வரிசையில் நின்றிருந்தார்கள்.

“வெள்ள நிறம் போனா என் வேல ஆர்டரும் போயிடும். பத்து நாள் பொறுத்துக்கோ” என்றார் சைமன்ராஜ்.

“பத்து நாள்ல செத்துடும்ங்க.”

“செத்தாலும் வெள்ளையாத்தான இருக்கும்?”

மூன்று நாள் டெய்சியிடமிருந்து சோறு மட்டும் வேளைக்கு வந்தது. நான்காம் நாள் சைமன்ராஜ் வேலைக்குப் போகாமல் தொட்டியின் எதிரே உட்கார்ந்தார். வரிசையின் முன்னால் நின்ற புள்ளி ஒன்று கண்ணாடியைவிட்டு நழுவி மணலில் விழுந்தது. பின்னால் நின்றவை ஓரிடம் முன்னே நகர்ந்தன. இன்னொன்று விழுந்தது. மீண்டும் நகர்ந்தன. கொஞ்சம் சந்தோஷமாகவே நகர்ந்ததுபோல் இருந்தது. பர்மனென்ட் சீனியாரிட்டி பட்டியலில் அந்த நகர்வு அவருக்குப் பதினேழு ஆண்டுப் பழக்கம். பிறகு எழுந்து போய், மீன்கடையில் ஐஸ் வாங்கிவந்து, பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டார். டெய்சி சாக்கை நனைத்து ஜன்னலில் மாட்டினாள்.

ஒரு வாரம் ஐஸ் கரைந்தது. எட்டாம் நாள் பவளம் திறந்தது. புள்ளிகள் சீனியாரிட்டி தவறாமல் உள்ளே போயின, பவளம் பழுப்பானது. அதன்பின் எந்தச் சங்குக்கும், எந்த வெயிலுக்கும் அவை வெளியே வரவேயில்லை. தபாலும் வரவில்லை. அந்த ஆண்டு அந்தத் தெருவில் பர்மனென்ட் ஆனவர்கள் அந்தப் புள்ளிகள் மட்டுமே என்பதால், அக்கம்பக்கத்தார் முறைப்படி இனிப்பு வாங்கிவந்தார்கள். சைமன்ராஜும் ஒன்று எடுத்துக்கொண்டு இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.