நாற்பது பேரிங்குகள்

அப்பாவின் நகக்கண்ணில் ஏறியிருந்த கிரீஸை மகள் ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தொழிற்சாலை மேலாளர் மலர்வளையத்தோடு உள்ளே வந்தார். வளையம் மட்டும் சரியான நேரத்துக்கு டெலிவரி ஆகிவிட்டது என்று வாசலில் ஒரு ஃபிட்டர் முணுமுணுத்தார்.

பம்பு தொழிற்சாலையில் அப்பா இருபத்தேழு வருடம் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்தவர். போன வருடம் இந்த மேலாளர் புது முறையோடு வந்தார். எதையும் சேர்த்து வைக்கக் கூடாது. காலையில் லாரியில் வருவது மாலைக்குள் பம்பில் ஏறிவிட வேண்டும். அப்போதுதான் போட்டியில் நிற்க முடியும். லாரிகளின் லட்சணம் தெரிந்த அப்பா கொஞ்சம் பேரிங்குகளை ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டார். எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, திருந்தாத புத்திக்கு உதாரணம் என்று கைகாட்டினார்கள். அன்றிலிருந்து கேட்டில் வண்டி எண் எழுதும் வேலை. நேற்று அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். எண் எழுதுகிறவர் கையில் கிரீஸ் எப்படி வந்தது என்பது மகளுக்கு மட்டும் தெரியும்.

மேலாளர் அளவாகக் கண்ணை மூடித் திறந்துவிட்டு, அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்தார். பாலம் உடைந்து நேற்றிலிருந்து லாரி வரவில்லையாம். லைன் நின்றுவிட்டதாம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அறுபது பேரைக் கூலி இல்லாமல் அனுப்ப வேண்டியிருக்குமாம்.

"அப்பா சும்மா இருந்திருக்க மாட்டாரும்மா. மறுபடியும் எங்கயாவது வச்சிருப்பாரு. உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

வாயில் அடக்கியிருந்த புதினா மிட்டாயின் வாசனை அவள் முகத்தில் அடித்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் இந்த ஆளின் மானம் கப்பலேறும். அதைப் பார்க்க அவளுக்கு ஆசைதான். ஆனால் அந்த அறுபது பேரில் பாதிப் பேர் வெளியே தெருவில் நின்றிருந்தார்கள், அப்பாவுக்காக.

"சொல்றேன் சார். ஆனா அப்பாதான் வச்சிருந்தாருன்னு இப்பவே அவங்க முன்னாடி நீங்க சொல்லணும்."

"அது என் கடமைம்மா."

"ஜெனரேட்டர் ரூம். காலி டின்னுங்களுக்குப் பின்னால. நாப்பது இருக்கு."

அவர் வாசலுக்குப் போய் போனை எடுத்தார். ஜன்னல் வழியே கேட்டது.

"லைன் ஓடிடும் சார். இப்படி ஆகும்னு தெரிஞ்சு நானே ஒரு நாப்பது ஒதுக்கி வச்சிருந்தேன்."

நின்றவர்களை நோக்கிப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரில் ஏறினார். வேலையை விட்டுவிட்டு வந்த மனிதர், வாசல் வரை போய் வழியனுப்பு என்றாள் அம்மா. மகள் போனாள்.

தெரு குறுகல். கார் இரண்டு முறை ஹாரன் அடித்தது. அப்பாவை ஏற்றிப் போக வந்திருந்த வண்டி, மெல்லப் பின்னால் நகர்ந்து வழிவிட்டது.