வங்காள விரிகுடாவுக்குச் சந்தனம் குங்குமம்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து அடையாறு ஆய்வகத்துக்குள் நுழைந்த ஆலிஸ், தன் மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு கண்ணாடி பாட்டில்கள் பளபளவென்று கழுவி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அது ஏதோ குழாய்த் தண்ணீர் என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். ஊர் உலகத்து வண்டிகளும் ஆலைகளும் கக்குகிற கரியமில வாயுவைக் கடல் குடித்துக் குடித்து அமிலமேறிக்கொண்டிருக்கிறது. சிப்பிகள் ஓடு கட்டத் திணறுகின்றன. ஒரு நாடு தனியாக அளந்து கிழிக்கப்போவது ஒன்றுமில்லை என்று, வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள ஆறு நாடுகள் சேர்ந்து ஒரே பதிவேடு தொடங்கியிருந்தன. ஆளுக்கொரு விதமாக அளந்தால் பதிவேடு குப்பைக்குத்தான் போகும். அதனால் ஒவ்வொரு நாட்டு ஆய்வகத்துக்கும் மூடி முத்திரையிட்ட இரண்டு பாட்டில் கடல்நீர் வந்தது. அதன் அமில அளவு அனுப்பியவர்களுக்கு மட்டுமே தெரியும். சரியாக அளந்து சொல்கிற ஆய்வகத்தின் பழைய அளவுகள் பதிவேட்டில் ஏறும்.

ஆலிஸின் பழைய அளவுகள் ஒன்பது வருடத்தவை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பட்டினப்பாக்கத்திலிருந்து ஆரோக்கியநாதனின் ஃபைபர் படகில் போய், குடல் வாய்க்கு வர வாந்தியெடுத்து, மொண்டு வந்த கடல் அது. தங்கை சோஃபியாவின் கல்யாணத்தன்றுகூட விடியற்காலையில் படகேறிவிட்டுத்தான் சாந்தோம் கோயிலுக்கு ஓடினாள். புடவையில் மீன் வாடை என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஆபீஸ் பூஜை நடந்த நாளும் அவள் படகில்தான் இருந்தாள்.

துப்புரவு வேலை பார்க்கும் சண்முகவடிவைக் கூப்பிட்டாள்.

"நம்ம சார்தான்மா சொன்னாரு. ஃபாரின்காரங்க வராங்கோ, தண்ணி கீற பாட்டிலெல்லாம் கொட்டிக் கழுவி பூஜைக்கு வைய்யின்னாரு. நல்லா சோப்பு போட்டுத்தான் கழுவினேன்."

"இது பெட்டிக்குள்ள இருந்துச்சே. யார் வெளிய எடுத்தது?"

"சார்தான். கையில வெச்சிக்கினு போட்டோ புடிச்சாரு. இன்னாம்மா, தப்பாப் போச்சா?"

தண்ணீர் கெடாமலிருக்க அதில் பாதரச விஷம் சேர்த்திருந்தார்கள். மண்டையோடு போட்ட எச்சரிக்கை பெட்டியின் மேல் இருந்தது. பெட்டி அந்த சாரின், இயக்குநர் ஸ்ரீநாத்தின், அறையில் இருந்தது. ஆலிஸ் வடிவின் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விஷம் கொஞ்சம்தான். ஆனாலும் வெறுங்கை. பாட்டிலுக்காக வந்த கோபம் இப்போது இரண்டு மடங்காகிவிட்டது.

"இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடு. நான் வரேன் கூட," என்று சொல்லிவிட்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

ஸ்ரீநாத் காபி குடித்துக்கொண்டிருந்தார். "இதுக்குப் போய் ஏம்மா டென்ஷன்? கொழும்பு லேப் ரெஹான்கிட்ட பேசிட்டேன். பாவம், நல்ல மனுஷன், அவங்க ரிசல்ட்டக் குடுத்துட்டார். கடைசி நம்பர மட்டும் லேசா மாத்தி அனுப்பிடு. இன்டர்நேஷனல் கோஆப்பரேஷன்னா அதானே."

ஆலிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் அளக்காத தண்ணிக்கு நம்பர் போட மாட்டேன் சார்."

"அப்ப கிளீனிங் பொம்பள கைதவறி உடைச்சிட்டான்னு எழுது. கான்ட்ராக்ட்தானே, வேற ஆள் வரும்."

இன்னும் ஒரு நொடி அங்கே நின்றிருந்தால் அந்தக் காபி அவர் சட்டையில் இருந்திருக்கும். மேசைக்கு வந்து ஆறு நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதினாள். இயக்குநர் படம் எடுக்கப் பாட்டில்களைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அவர் சொல்லித்தான் அவற்றைக் கொட்டிக் கழுவினார்கள். விஷம் இருப்பதைக் கழுவியவரிடம் யாரும் சொல்லவில்லை. சென்னையிடம் அளவு இல்லை. சந்தனப் பொட்டோடு பாட்டில்களைப் படமெடுத்து இணைத்தாள். அடுத்த சுற்றுச் சோதனை இரண்டு வருடம் கழித்துத்தான். அதுவரை தன் ஒன்பது வருடக் கடல் வெளியே நிற்க வேண்டும் என்று நினைத்தபோது விரல் ஒரு நிமிடம் தயங்கியது. பிறகு அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்துப் பதிவேட்டின் முதல் வரைபடம் வந்தது. ஸ்ரீநாத் அதைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டினார். விரிகுடாவைச் சுற்றிலும் சிவப்புப் புள்ளிகள். சென்னைக் கரை மட்டும் வெறுமையாக இருந்தது. மாட்டிய பிறகுதான் அவர் அதைக் கவனித்தார்.

"என்னம்மா இது, நாமளும் மெம்பர்தானே? பேருக்காவது ஒரு புள்ளி வைக்கச் சொல்லக்கூடாதா?"

வடிவு வாசலில் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலிஸ் பூஜை அலமாரியைத் திறந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். விரலைத் தண்ணீரில் நனைத்துக் குங்குமத்தில் தோய்த்து, சென்னை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி மேல் அழுத்தி வைத்தாள்.

"வெச்சாச்சு சார்," என்றாள். "நான் தண்ணி எடுக்கப் போறேன். படகு காத்துக்கிட்டிருக்கு."